வீட்டுப் பெரியவர்களுக்கு ஃப்ளூ வந்தால்: மும்பைத் தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மும்பையில் நர்ஸாக இருக்கிறேன். முன்பு முதியோர் வார்டில் பணி. இப்போது வீடுகளுக்குச் சென்று கவனிக்கிறேன். மழை பிடித்துவிட்டால் தாராவி, சயான், மாட்டுங்கா, செம்பூர் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களிலிருந்து ஒரே மாதிரியான கேள்விகள் வரும். அவற்றுக்கு நான் சொல்லும் பதில்கள் இவை. அறுபது, அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். மருத்துவர் நேரில் பார்த்துச் சொல்வதே முடிவு. அவரிடம் எப்போது போக வேண்டும், என்ன சொல்ல வேண்டும் என்பதற்கு இந்தப் பக்கம் உதவும்.

சளிக் காய்ச்சல்தானே, இதற்கு ஏன் இவ்வளவு பதற்றம்?

மூக்கு ஒழுகி, தொண்டை கரகரத்து, நாலு நாளில் தானாகப் போகும் சளிக்குப் பலவகை வைரஸ்கள் காரணம். ஃப்ளூ என்பது இன்ஃபுளுவென்சா வைரஸால் வருவது. ஆண்டுதோறும் பரவுபவற்றில் ஏ, பி என இரண்டு வகைகள் முக்கியமானவை. ஏ வகையைச் சேர்ந்த எச்1என்1, எச்3என்2 என்ற பெயர்களைச் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். எச்3என்2 அதிகம் பரவும் ஆண்டுகளில் முதியவர்கள்தான் கூடுதலாகப் பாதிக்கப்படுகிறார்கள்.

இளைஞருக்கு ஒரு வாரத்து உடம்புவலியோடு போய்விடுவது, முதியவருக்கு நிமோனியாவில் கொண்டுபோய் விடலாம். அடங்கிக் கிடந்த ஆஸ்துமா கிளம்பும். இதயம் பலவீனமானவருக்குக் கால் வீங்கி மூச்சு வாங்கும். சர்க்கரை எகிறும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, ஃப்ளூ உறுதியான முதல் 7 நாட்களில் மாரடைப்புக்கான வாய்ப்பு மற்ற நாட்களைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு. எனவே காய்ச்சலோடு நெஞ்சு வலி, தாடை வலி, திடீர் வியர்வை என்று பெரியவர் சொன்னால் அதை வாயுத் தொல்லை என்று ஒதுக்காதீர்கள்.

இந்தியாவில் ஃப்ளூவுக்கு இரண்டு பருவங்கள்: ஜனவரி முதல் மார்ச் வரை ஒன்று, மழைக்காலத்தை ஒட்டி மற்றொன்று. மும்பையில் நான் அஞ்சுவது மழைக்காலத்தை.

காய்ச்சலே இல்லை. ஆனால் ஆச்சி ஒரு மாதிரியாக இருக்கிறார். ஃப்ளூவாக இருக்குமா?

இருக்கலாம். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இந்தப் பதிலைப் படியுங்கள்.

வயதான உடம்பு கிருமியைக் கண்டவுடன் கொதிப்பதில்லை. இயல்பான உடல் வெப்பமே அவர்களுக்குச் சற்றுக் குறைவு. தெர்மாமீட்டர் 99 காட்டினால் வீட்டில் எல்லோரும் நிம்மதியாகிவிடுகிறார்கள்; வழக்கமாக 97 இருப்பவருக்கு 99 என்பது காய்ச்சல். முதியோர் பராமரிப்பில் நாங்கள் பார்க்கும் கணக்கு இது: வாயில் வைத்து ஒரே முறை அளந்து 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினாலும், திரும்பத் திரும்ப 99-ஐத் தாண்டினாலும், அவருடைய வழக்கத்தைவிட 2 டிகிரி ஏறினாலும் காய்ச்சல் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். வெப்பம் 95-க்குக் கீழே இறங்கினால் அது இன்னும் மோசமான அறிகுறி.

பல பெரியவர்களிடம் முதலில் தெரிவது நடத்தை மாற்றம்தான். தாராவியில் ஒரு வீட்டில், எண்பதை நெருங்கிய ஆச்சி ஒருவர் காலையில் எழுந்ததும் தாமே கொண்டை போட்டுக்கொள்வார். அன்று தலைமுடியைக் கையில் பிடித்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். முன்னால் வைத்த காப்பியில் ஆடை படிந்திருந்தது. காய்ச்சல் இல்லை, இருமலும் பெரிதாக இல்லை. "வயசாகிவிட்டது, மறதி" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். மருமகள் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. "நேற்று இரவு வரை எனக்குக் குழம்புக்குப் புளி எவ்வளவு என்று சொல்லிக்கொண்டிருந்தார் சிஸ்டர்" என்றார். ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டியபோது 90. அந்த மருமகள் சொன்ன ஒற்றை வாக்கியம்தான் ஆச்சியை அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தது.

மறதி நோய் மாதக்கணக்கில் மெல்ல வருவது. ஓர் இரவில் வருவதும், ஒரு நேரம் தெளிந்து ஒரு நேரம் குழம்புவதும் உடம்புக்குள் ஏதோ நடக்கிறது என்பதற்கான அடையாளம். கிழமைகளைப் பின்னிருந்து சொல்லச் சொல்லுங்கள்: சனி, வெள்ளி, வியாழன் என்று. வழக்கமாகச் சொல்லக்கூடியவர் பாதியில் தொலைந்துபோனால் கவனம் சிதறுகிறது என்று பொருள். கத்தி ரகளை செய்பவரை எல்லோரும் கவனிப்பார்கள். பேசாமல் தூங்கிக்கொண்டே இருப்பவரை "நல்ல ஓய்வு எடுக்கிறார்" என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டாமவர்தான் எனக்கு அதிகக் கவலை தருபவர். திடீரென்று கீழே விழுவது, ஒரே நாளில் நடக்க முடியாமல் போவது, படுக்கையிலேயே சிறுநீர் போய்விடுவது, சாப்பாட்டைத் தள்ளிவிடுவது ஆகியவையும் இதே வரிசையில் வருபவை.

யாருக்கு அபாயம் அதிகம்?

65 வயதைத் தாண்டினாலே அபாயப் பட்டியலில் சேர்ந்தாயிற்று. அதன்மேல் நுரையீரல் நோய், இதய நோய், சர்க்கரை, சிறுநீரகம் அல்லது ஈரல் கோளாறு, புற்றுநோய் சிகிச்சை, நீண்டகால ஸ்டீராய்டு மாத்திரை என ஒவ்வொன்றும் எடையைக் கூட்டும். பக்கவாதமோ பார்க்கின்சனோ வந்து விழுங்கச் சிரமப்படுபவர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். அவர்களுக்கு உணவும் எச்சிலும் மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியா வரும். மெலிந்து போனவர், படுத்த படுக்கையாக இருப்பவர், பகலில் வீட்டில் தனியாக இருப்பவர் ஆகியோரையும் நான் இந்தக் கணக்கில் சேர்ப்பேன். தனியாக இருப்பவரிடம் வரும் மாற்றத்தைப் பார்க்க ஆள் இல்லையே.

பருவகால ஃப்ளூவுக்கான அரசு வழிகாட்டுதலில் நோயாளிகளை ஏ, பி, சி என்று பிரிக்கிறார்கள். லேசான காய்ச்சலும் இருமலும் ஏ. அதே அறிகுறிகளோடு 65 வயதைத் தாண்டியிருந்தாலோ, மேலே சொன்ன நோய்கள் இருந்தாலோ பி. மூச்சுத்திணறல், நெஞ்சு வலி, மயக்கநிலை, ரத்த அழுத்தம் இறங்குதல், சளியில் ரத்தம், நகம் நீலமாதல் இருந்தால் சி, உடனே ஆஸ்பத்திரி. உங்கள் அப்பாவுக்கு எழுபது வயது என்றால் அவர் தொடங்குவதே பி-யில்தான். மகனுக்கு வந்த அதே காய்ச்சல், மகனுக்குக் கொடுத்த அதே மாத்திரை என்ற கணக்கு அவருக்குப் பொருந்தாது.

வீட்டில் எதை அளக்க வேண்டும்? எவ்வளவு நேரத்துக்கு ஒரு முறை?

ஒரு நோட்டுப்புத்தகம், தெர்மாமீட்டர், பல்ஸ் ஆக்சிமீட்டர், முடிந்தால் பி.பி. கருவி. முதல் மூன்று நான்கு நாட்கள் ஆறு மணிநேரத்துக்கு ஒரு முறை அளந்து, நேரத்தோடு எழுதுங்கள்.

எல்லோரும் ஆக்சிமீட்டரைத்தான் நம்புகிறார்கள். நான் முதலில் பார்ப்பது மூச்சின் எண்ணிக்கையை. உடம்பு மோசமாகத் தொடங்கும்போது பெரும்பாலும் முதலில் மாறுவது அதுதான், ஆனால் வீட்டில் யாரும் எண்ணுவதில்லை. பெரியவரிடம் "மூச்சை எண்ணப் போகிறேன்" என்று சொன்னால் அவர் மூச்சை மாற்றிவிடுவார். நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்து, அந்தக் கையை அவர் வயிற்றின் மேலேயே வைத்துவிடுங்கள். கை ஏறி இறங்குவது ஒரு மூச்சு. கடிகாரத்தைப் பார்த்து முழு நிமிடம் எண்ண வேண்டும். பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்குவது முதியவர்களுக்குச் சரிவராது, அவர்கள் மூச்சு சீராக இருக்காது. 12 முதல் 20 வரை இயல்பு. 20-ஐத் தாண்டினால் மருத்துவரிடம் பேசுங்கள். 25 அல்லது அதற்கு மேல் என்றால் பேசிக்கொண்டிருக்க நேரமில்லை.

ஆக்சிமீட்டர் மாட்டும்போது மருதாணி, நகப்பூச்சு இல்லாத விரலாகப் பாருங்கள். கை ஜில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள். எண் நிலைத்து நிற்கும்வரை ஒரு நிமிடம் காத்திருங்கள். 94-க்குக் கீழே போனால் மருத்துவரை அழையுங்கள். 91 அல்லது அதற்குக் கீழ் என்றால் ஆஸ்பத்திரி. நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு இந்த எல்லை மாறும். சிலர் 88 முதல் 92-க்குள் இருந்தாலே போதும் என்று மருத்துவர் சொல்லியிருப்பார். அந்த எண்ணை இப்போதே கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

நாடி 110-ஐத் தாண்டுவதும், மேல் பி.பி. 100-க்குக் கீழே வருவதும் எச்சரிக்கை. ஏற்கெனவே 150 இருப்பவருக்கு 110 என்பது "நார்மல்" ஆகிவிடாது, அது பெரிய இறக்கம். இதனால்தான் உடம்பு நன்றாக இருக்கும் நாளிலேயே அவருடைய வழக்கமான எண்களை எழுதி வைக்கச் சொல்கிறேன். கடைசியாக, சிறுநீர்: எத்தனை முறை, என்ன நிறம். ஆறு எட்டு மணிநேரமாகப் போகவில்லை என்றால் சொல்லுங்கள்.

பிரிட்டனில் உருவாகிப் பல நாடுகளில் வார்டு நர்ஸ்கள் பயன்படுத்தும் நியூஸ்2 என்ற மதிப்பெண் முறையும், சிறுநீர் தவிர, இதே அளவுகளைத்தான் கூட்டுகிறது. 2017-இல் அதைத் திருத்தியபோது, புதிதாக வந்த மனக்குழப்பத்துக்கு மட்டும் 3 மதிப்பெண் கொடுத்தார்கள். ஓர் அளவுக்குக் கொடுக்கக்கூடிய உச்ச மதிப்பெண் அது. அந்த மருமகளின் வாக்கியத்துக்கு மருத்துவ உலகம் கொடுத்த எடை அவ்வளவு.

எப்போது ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்?

மேலே சொன்ன சி பிரிவு அறிகுறிகளில் ஒன்று போதும். ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்க முடியாமல் திணறினால், எழுப்பினாலும் கண் திறக்காமல் போனால், தண்ணீர்கூட இறங்கவில்லை என்றால் கிளம்புங்கள். மகாராஷ்டிரத்தில் 108-க்கு அழைத்தால் இலவச ஆம்புலன்ஸ் வரும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சால் எனப்படும் ஒற்றை அறை வீடுகள் கொண்ட பழைய குடியிருப்பின் மூன்றாம் மாடியிலிருந்தோ, இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாத சந்திலிருந்தோ மூச்சுத்திணறும் ஒருவரை நள்ளிரவு மழையில் இறக்கிக்கொண்டு வருவது எவ்வளவு கொடுமை என்று பலமுறை பார்த்திருக்கிறேன். மாலை ஆறு மணிக்கு எண்கள் சரிந்துகொண்டே வந்தால், "காலையில் பார்க்கலாம்" என்று தள்ளாமல் வெளிச்சம் இருக்கும்போதே கிளம்புங்கள். நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்க இரண்டு பேரை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பரிசோதனை செய்யாமலே ஃப்ளூ மாத்திரை கொடுக்கிறார்களே, சரியா?

சரிதான். ஓசெல்டாமிவிர் என்ற அந்த மருந்து, அறிகுறி தொடங்கிய 48 மணிநேரத்துக்குள் ஆரம்பித்தால் நன்றாக வேலை செய்யும். அபாயம் உள்ளவருக்குப் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உடம்பு மோசமாகி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவருக்கு 48 மணிநேரம் கடந்த பிறகும் கொடுப்பார்கள்.

வழக்கமான அளவு 75 மி.கி., ஒரு நாளுக்கு இரண்டு வேளை, 5 நாட்கள். சிறுநீரகம் பழுதுபட்டவருக்கு அளவைக் குறைக்க வேண்டும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனையான கிரியேட்டினின் அறிக்கை, கடைசியாக எடுத்ததைக் கையோடு கொண்டுபோங்கள். குமட்டல் வரலாம், சாப்பிட்ட பிறகு கொடுத்தால் குறையும். இரண்டாம் நாளே தெம்பாகிவிட்டார் என்று பாதியில் நிறுத்தாதீர்கள். மருந்துச் சீட்டு இல்லாமல் கடையில் கேட்டு வாங்கவும் வேண்டாம்.

ஆன்டிபயாடிக் வீட்டில் மிச்சம் இருக்கிறது, கொடுக்கலாமா?

வேண்டாம். வைரஸை அது தொடாது. ஃப்ளூவுக்குப் பின்னால் பாக்டீரியா நிமோனியா வந்தால் அப்போது தேவைப்படும். எது, எத்தனை நாள் என்பதை மருத்துவர் சொல்வார்.

மழைக்காலத்தில் டெங்கு, மலேரியா, லெப்டோ (எலிக்காய்ச்சல்) எல்லாமே காய்ச்சல்தானே. ஃப்ளூ என்று எப்படித் தெரியும்?

வீட்டில் உட்கார்ந்து உறுதியாகச் சொல்ல முடியாது. இருமல், தொண்டை வலி, மூக்கொழுகல் சேர்ந்திருந்தால் ஃப்ளூ பக்கம் சாயும். நடுக்கிக் குளிர்ந்து, வியர்த்து விட்டு, மறுபடி வந்தால் மலேரியாவை நினைக்க வேண்டும். கண்ணுக்குப் பின்னால் வலி, உடம்பில் சிவப்புப் புள்ளிகள் என்றால் டெங்கு. கெண்டைக்கால் சதையைத் தொட்டாலே வலி, கண் சிவத்தல், பிறகு மஞ்சள் நிறம் என்றால் லெப்டோஸ்பைரோசிஸ். 2005 ஜூலை 26 வெள்ளத்துக்குப் பிறகு இந்த நகரத்தில் லெப்டோ எப்படிப் பரவியது என்பதை அப்போது இங்கே இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பெரியவர் தேங்கிய தண்ணீரில் நடந்தாரா, காலில் புண் இருக்கிறதா என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

எந்தக் காய்ச்சல் என்று தெரியும்வரை வலிக்கு ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவற்றைத் தொடாதீர்கள். டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவு, பி.பி. மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் சிறுநீரகத்துக்கு அடி.

இருமல் சிரப், கஷாயம், ஆவி பிடித்தல்?

பாராசிட்டமால் பாதுகாப்பானது, அளவு மீறாதவரை. முதியவருக்கு ஒரு நாளில் 3 கிராமைத் தாண்டக் கூடாது. 50 கிலோவுக்குக் குறைந்தவருக்கும் ஈரல் நோய் உள்ளவருக்கும் இன்னும் குறைவாக. சிக்கல் என்னவென்றால், கடையில் "சளிக்கு" என்று கொடுக்கும் கூட்டு மாத்திரைகளிலும் பாராசிட்டமால் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கொடுக்கிறோம் என்பதே பல வீடுகளில் தெரிவதில்லை. அட்டையின் பின்புறத்தைப் படியுங்கள்.

தூக்கம் வரவைக்கும் இருமல் சிரப்புகளில் உள்ள குளோர்ஃபெனிரமின் போன்ற மருந்துகள் முதியவருக்குக் குழப்பம், சிறுநீர் அடைப்பு, தடுமாறி விழுதல் ஆகியவற்றைத் தரும். தூங்குவது மருந்தாலா நோயாலா என்று எங்களாலேயே பிரிக்க முடியாமல் போகும்.

சுக்கு, மிளகு, துளசி போட்ட கஷாயம் தொண்டைக்கு இதமாக இருந்தால் தாராளமாகக் கொடுங்கள். மருந்துக்குப் பதிலாக மட்டும் வேண்டாம். ஆவி பிடிக்க வேண்டாம். கொதிக்கும் பாத்திரத்தின் மேல் போர்வைக்குள் நடுங்கும் கை. அந்தத் தீக்காயங்களை நான் பார்த்திருக்கிறேன்.

சர்க்கரை, பி.பி. மாத்திரைகளை நிறுத்தலாமா?

நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு தொடரவும் வேண்டாம். சாப்பிடாமல், வாந்தி பேதியோடு இருப்பவருக்கு சர்க்கரைக்கான மெட்ஃபார்மின், நீர் பிரியும் மாத்திரை, சில பி.பி. மாத்திரைகள் ஆகியவற்றைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கும். மருத்துவருக்கு அன்றே போன் செய்து மாத்திரைப் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துக் கேளுங்கள். இன்சுலின் போடுபவர், சாப்பிடவில்லை என்பதற்காக அதை முழுதாக நிறுத்திவிடக் கூடாது. காய்ச்சலே சர்க்கரையை ஏற்றும். அளவை மாற்ற வேண்டுமா என்று கேட்டு, வழக்கத்தைவிட அடிக்கடி சர்க்கரையைப் பாருங்கள்.

எதுவும் சாப்பிட மாட்டேன் என்கிறார். எப்படிக் கொடுப்பது?

ஒரு தட்டு நிறையக் கொண்டுபோய் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கால் டம்ளர் நொய்க்கஞ்சி, இரண்டு மணிநேரம் கழித்து நாலு வாய் ரசம் சாதம், பிறகு அரை இட்லி என்று கொடுத்துப் பாருங்கள். பருப்புத் தண்ணீர், முட்டை, தயிர் ஏதாவது ஒன்று உள்ளே போனால் உடம்பு வற்றாது. முதியவருக்குத் தாகம் தெரியாது. "வேண்டுமா" என்று கேட்டால் "வேண்டாம்" என்றுதான் சொல்வார். கேட்காமல் கையில் கொடுங்கள். இதயம் பலவீனமானவர், டயாலிசிஸ் செய்பவர் எவ்வளவு குடிக்கலாம் என்பதற்கு மருத்துவர் கொடுத்த கணக்கு உண்டு. சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு இளநீர் கொடுக்காதீர்கள், பொட்டாசியம் ஏறிவிடும்.

எப்படிக் கொடுக்கிறீர்கள் என்பது எதைக் கொடுக்கிறீர்கள் என்பதைவிட முக்கியம். படுத்திருப்பவர் வாயில் ஸ்பூனால் ஊற்றுவதை எத்தனை வீடுகளில் தடுத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. நிமிர்த்தி உட்காரவைத்து, மோவாய் சற்றுக் கீழே தாழ்ந்திருக்க, நீங்களும் அவர் கண்மட்டத்தில் உட்கார்ந்து கொடுங்கள். ஒரு வாய் விழுங்கிவிட்டாரா என்று தொண்டையைப் பார்த்த பிறகே அடுத்த வாய். இடையில் இருமினாலோ, குரல் கரகரவென்று ஈரமாக மாறினாலோ நிறுத்துங்கள். அரைத் தூக்கத்தில் இருப்பவருக்கு ஒரு சொட்டுகூட வேண்டாம். சாப்பிட்டு அரைமணிநேரம் கழித்தே சாய்க்க வேண்டும். படுக்கும்போதும் தலைப்பக்கம் உயர்ந்தே இருக்கட்டும்.

பிறகு வாய். காய்ச்சலில் வாய் காய்ந்து நாக்கில் வெள்ளையாகப் படிந்திருக்கும். அங்கே வளரும் கிருமிகள் எச்சிலோடு நுரையீரலுக்கு இறங்கும். காலையும் இரவும் மென்மையான பிரஷ்ஷால் பல், ஈறு, நாக்கு எல்லாவற்றையும் துடையுங்கள். பல்செட்டை இரவில் கழற்றிக் கழுவி வையுங்கள். நிமோனியாவைத் தடுக்க வீட்டில் செய்யக்கூடியவற்றில் இதற்கு ஈடாக வேறு அதிகம் இல்லை. செலவும் இல்லை.

முழு ஓய்வில் படுக்கவைத்திருக்கலாமா?

ஒரு வாரம் படுத்தால் முதியவரின் கால் சதை கரைந்துவிடும். மீண்டும் எழுந்து நடக்க மாதங்கள் ஆகலாம். மூச்சும் எண்களும் சரியாக இருந்தால் வேளைக்கு ஒரு முறையாவது நாற்காலியில் உட்காரவையுங்கள். உட்கார்ந்தால் நுரையீரல் விரியும், சளி வெளியேறும்.

எழ முடியாதவரை இரண்டு மணிநேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இடுப்பின் பின்புறம், குதிகால், முழங்கை ஆகிய இடங்களைத் தினமும் வெளிச்சத்தில் பாருங்கள். விரலால் அழுத்தி எடுத்தும் நிறம் வெளுக்காமல் அப்படியே இருந்தால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது. கறுத்த தோலில் சிவப்பு தெரியாது; சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ கடினமாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள். இழுத்து நகர்த்தாமல், அடியில் விரித்த துணியோடு இரண்டு பேர் தூக்கி நகர்த்துங்கள்.

விழுவது பெரும்பாலும் இரவில், கழிவறைக்குப் போகும்போது. தாராவியிலும் பழைய சால்களிலும் கழிவறை வீட்டுக்கு வெளியே, சில இடங்களில் தெருக்கோடியில். காய்ச்சலில் தள்ளாடும் பெரியவர் ஈரத்தரையில் அங்கே நடப்பதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது. கூச்சப்பட்டு யாரையும் எழுப்பாமல் தாமே போவார்கள், அல்லது போக வேண்டியிருக்குமே என்று மாலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். இந்த ஒரு வாரத்துக்காவது படுக்கைக்குப் பக்கத்தில் கமோட் நாற்காலி அல்லது யூரினல் வையுங்கள். ஒரு சேலையை மறைப்பாகக் கட்டுங்கள். வாங்க வசதியில்லாவிட்டால் வாடகைக்குக் கிடைக்கும். மான உணர்ச்சி அவர்களுக்குப் பெரிது. அதைக் காப்பாற்றிக் கொடுத்தால் தண்ணீரும் குடிப்பார்கள்.

ஒரே அறை வீடு. குழந்தைகளும் இருக்கிறார்கள். எப்படித் தனிமைப்படுத்துவது?

முழுதாக முடியாது, முடிந்ததைச் செய்வோம். ஜன்னல் பக்கம் பெரியவருக்கு, எதிர்மூலை குழந்தைகளுக்கு. படுக்கும்போது தலையும் தலையும் சேராமல், ஒருவர் தலைப்பக்கம் மற்றவர் கால்பக்கம் இருக்கட்டும். மழை என்று ஜன்னலை அடைத்துவிடாதீர்கள். கவனிப்பவர் ஒருவராக இருந்தால் நல்லது. அவர் மாஸ்க் போட்டு, ஒவ்வொரு முறையும் சோப்பால் கை கழுவட்டும். மூச்சு வாங்கும் நோயாளியை மாஸ்க் போடச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். மருந்தில்லாமலே காய்ச்சல் விட்டு 24 மணிநேரம் ஆகும்வரை இது தொடர வேண்டும். முதியவர்கள் கூடுதல் நாட்கள் வைரஸை வெளியேற்றுவது உண்டு என்பதால் மேலும் சில நாட்கள் பேரக்குழந்தைகளை மடியில் வைக்காமல் இருக்கட்டும்.

ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம். இனி எங்களுக்கு என்ன வேலை?

நிறைய இருக்கிறது. சேர்த்தவுடன் நர்ஸ் சில கேள்விகள் கேட்பார். முன்பு விழுந்திருக்கிறாரா, கைத்தடி பிடிப்பாரா என்பது விழும் அபாயத்தைக் கணக்கிட. தோல், அசைவு, ஈரம், உணவு பற்றியவை பிரேடன் அளவுகோலுக்கு. அதில் 18 அல்லது அதற்குக் கீழ் வந்தால் படுக்கைப்புண் அபாயம். இந்தக் கேள்விகளுக்கு அவசரத்தில் "எல்லாம் நார்மல்" என்று சொல்லிவிடாதீர்கள்.

மும்பைத் தமிழர்களுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஆயுள் முழுவதும் தமிழ்ச் சூழலிலேயே வாழ்ந்த ஆச்சிகளுக்கு இந்தியோ மராத்தியோ அரைகுறை. "பெயர் என்ன, இது எந்த இடம்" என்று இந்தியில் கேட்டால் விழிப்பார். அதைக் குழப்பம் என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிடலாம். உண்மையான குழப்பத்தை மொழிப் பிரச்சினை என்று விட்டுவிடவும் செய்யலாம். இரண்டும் ஆபத்து. தமிழ் தெரிந்த ஒருவர் மதிப்பீட்டின்போது பக்கத்தில் இருக்க அனுமதி கேளுங்கள். தண்ணீர், வலி, மூச்சு முட்டுகிறது, கழிவறை ஆகியவற்றை இந்தியிலும் தமிழிலும் படத்தோடு ஒரு தாளில் எழுதிப் படுக்கையருகே வையுங்கள். கண்ணாடி, காது மெஷின், பல்செட் மூன்றையும் மறக்காமல் கொண்டுபோங்கள். இவை இல்லாமல் வார்டில் கிடக்கும் முதியவர் இரண்டே நாளில் குழம்பிப்போவார். உங்கள் நோட்டுப்புத்தகத்தையும் டியூட்டி நர்ஸிடம் காட்டுங்கள்.

நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறோம். காய்ச்சலோடே ஊருக்கு அனுப்பிவிடலாமா?

வேண்டாம். நாகர்கோவில் ரயிலில் ஒரு நாளுக்கு மேல் பயணம். நடுவழியில் மூச்சுத் திணறினால் என்ன செய்வீர்கள்? காய்ச்சல் விட்டு, நன்றாகச் சாப்பிட்டு, நடக்கத் தொடங்கிய பிறகு அனுப்புங்கள். அதுவரை பகலில் இரண்டு முறை எட்டிப்பார்த்து எண்களை எழுத அக்கம்பக்கத்தில் ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள்.

தடுப்பூசி போட்டால் வராதா?

வரலாம், ஆனால் நிமோனியா, ஆஸ்பத்திரி, ஐ.சி.யூ. வரை போகும் வாய்ப்பு குறையும். வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் ஆண்டுதோறும் போட வேண்டும். பலன் தொடங்க இரண்டு வாரம் ஆகும் என்பதால் மும்பைக்காரர்கள் மே மாதத்திலேயே போட்டுக்கொள்வது நல்லது. பெரும்பாலும் சொந்தச் செலவில்தான் போட வேண்டியிருக்கும். ஊசியாகப் போடும் தடுப்பூசியில் உயிருள்ள வைரஸ் இல்லை. அதனால் ஃப்ளூ வராது, ஓரிரு நாள் கைவலியும் லேசான காய்ச்சலும் வரலாம். நிமோனியாவை உண்டாக்கும் ஒரு பாக்டீரியாவுக்கு எதிரான நிமோகாக்கல் தடுப்பூசியைப் பற்றியும் அதே நாளில் கேளுங்கள். முதியவருக்கு மட்டும் போட்டுவிட்டு, லோக்கல் ரயிலில் தினமும் போய்வரும் நீங்கள் போடாமல் இருந்தால் வைரஸை வீட்டுக்குக் கொண்டுவருபவர் நீங்களாகவே இருக்கலாம்.

காய்ச்சல் போய்விட்டது. எவ்வளவு நாள் கவனிக்க வேண்டும்?

குறைந்தது இரண்டு வாரம். நாலைந்து நாளில் தேறி, வாசலில் உட்கார்ந்து பேசத் தொடங்கியவருக்கு மறுபடியும் காய்ச்சல் ஏறி, சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் அது பாக்டீரியா நிமோனியாவாக இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் போங்கள். வறட்டு இருமலும் அசதியும் சில வாரம் நீடிப்பது சகஜம். எடையை வாரம் ஒரு முறை பாருங்கள். முதல் நாள் கட்டிலிலிருந்து கதவு வரை, அடுத்த நாள் வராண்டா வரை என்று நடையைக் கூட்டுங்கள். நிறுத்திவைத்த மாத்திரைகளை எப்போது மீண்டும் தொடங்க வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டு, தேதியை நோட்டில் எழுதி வையுங்கள். பல வீடுகளில் அது மறந்தே போய்விடுகிறது.